பனிவிரிப்பின் உள்ளே எத்தனை டிகிரி? விமானத்திலிருந்து அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீன்லாந்தையும் அண்டார்டிகாவையும் மூடியிருக்கும் பனிவிரிப்புகள் பல இடங்களில் 3 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டவை. அவற்றின் மேல் விமானம் பறக்கவிட்டு, உள்ளே ஆழத்தில் இருக்கும் வெப்பநிலையைக் கணிக்கிறார்கள் என்றால் முதலில் நம்பக் கடினமாகத்தான் இருக்கும். அப்படி நம்பத் தயங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. "கெல்வின்" என்று தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் செல்சியஸ்தான்.

மேலே பனி உருகுகிறதா என்று பார்த்தால் போதாதா? உள்ளே எத்தனை டிகிரி என்று தெரிந்து என்ன பயன்?

பனிவிரிப்பு அசையாமல் கிடக்கும் பொருள் இல்லை. தன் எடையாலேயே பரந்து, மெல்ல மெல்லக் கடலை நோக்கி ஓடுகிறது. எவ்வளவு வேகமாக ஓடும் என்பதில் வெப்பநிலைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பனியியலாளர்கள் வழக்கமாகக் கையாளும் மதிப்புகளின்படி, ஒரே விசையில் தள்ளினால் மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் பனியைவிட உருகுநிலையில் இருக்கும் பனி ஏறத்தாழ 7 மடங்கு வேகமாக உருமாறுகிறது. மைனஸ் 30க்கும் மைனஸ் 10க்கும் இடையில் இன்னொரு 9, 10 மடங்கு வித்தியாசம். கணினி மாதிரியில் உள்வெப்பநிலையைச் சில டிகிரி தவறாகக் கொடுத்தால், ஓட்டத்தின் வேகமும் தவறாகத்தான் வரும்.

அடித்தளத்தின் கதை இன்னும் முக்கியமானது. அடியில் பனி பாறையோடு உறைந்து ஒட்டியிருந்தால் ஒரு வகை ஓட்டம். உருகி, மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் வழுக்கினால் முற்றிலும் வேறு வகை ஓட்டம். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒன்றிரண்டு டிகிரிதான். கிரீன்லாந்தின் பனி முழுதும் கடலில் சேர்ந்தால் கடல்மட்டம் சுமார் 7.4 மீட்டர் உயரும், அண்டார்டிகாவின் பனி சேர்ந்தால் சுமார் 58 மீட்டர் உயரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் எவ்வளவு, எத்தனை காலத்தில் என்று சொல்ல வேண்டுமானால் இந்த ஒன்றிரண்டு டிகிரி தெரிந்தாக வேண்டும்.

உள்ளே எல்லாம் ஒரே குளிராகத்தானே இருக்கும்?

இல்லை. வடக்கு கிரீன்லாந்தில் என்கிரிப் என்று அழைக்கப்படும் துளையிடும் இடத்தில் மேற்பரப்பின் ஆண்டுச் சராசரி மைனஸ் 32 டிகிரியை ஒட்டி இருக்கிறது. 3,085 மீட்டர் ஆழத்தில், பாறையைத் தொடும் இடத்தில், மைனஸ் 2.4 டிகிரி. அங்கே பனி உருகிக்கொண்டிருக்கிறது. மைனஸ் 2.4இல் எப்படி உருகும் என்று கேட்கலாம். மேலே இருக்கும் 3 கிலோமீட்டர் பனியின் எடை உருகுநிலையையே கீழே இறக்கிவிடுகிறது.

வெப்பம் பல வழிகளில் வருகிறது. பூமிக்குள்ளிருந்து கசியும் புவிவெப்பம் ஒன்று. பனி பாறைமேல் உராய்வதாலும், தனக்குள் மடங்கி நெளிவதாலும் பிறக்கும் வெப்பம் இன்னொன்று. மேலிருந்து ஆண்டுதோறும் விழும் குளிர்ந்த பனி முந்தைய ஆண்டுகளின் பனியைக் கீழே அழுத்தி, தன்னோடு குளிரையும் ஆழத்துக்கு எடுத்துச் செல்கிறது. அதனால் பனிப்பொழிவு கணிசமாக உள்ள உட்பகுதிகளில் மேல்பாதி முழுவதும் ஏறக்குறைய ஒரே குளிரில் இருக்கும். கீழ்ப்பகுதியில்தான் வெப்பநிலை விறுவிறுவென்று ஏறும். பனிப்பொழிவு மிகக் குறைவான இடங்களில் ஏற்றம் ஒரே சீராக, நேர்கோட்டை நெருங்கி அமையும்.

இதில் பழைய காலநிலையின் சுவடும் ஒளிந்திருக்கிறது. கிரீன்லாந்தின் நடுப்பகுதியில் கிரிப் என்ற இடத்தில் 1992இல் 3,029 மீட்டர் வரை துளையிட்டார்கள். அந்தத் துளையில் கிடைத்த வெப்பநிலைக் கோட்டில், அதாவது ஆழத்தோடு வெப்பநிலை மாறுவதைக் காட்டும் வரைகோட்டில், நடுவே ஓரிடத்தில் ஒரு குழிவு இருக்கிறது. கடைசிப் பனியுகத்தின் குளிர் இன்னும் அங்கே மிச்சமிருப்பதன் அடையாளம் அது. அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பனியுகத்தின் உச்சத்தில் அங்கே இன்றைவிட ஏறத்தாழ 23 டிகிரி குளிராக இருந்தது என்று 1998இல் பனியியலாளர் டோர்த்தே தால்-ஜென்சன் தலைமையிலான குழு வெளியிட்டது.

துளை போட்டு, வெப்பமானியை இறக்கி அளந்துவிடலாமே?

அளக்கிறார்கள், இன்றும் அதைவிட நம்பகமான வழி கிடையாது. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. கிரீன்லாந்தில் கேம்ப் செஞ்சுரியில் 1966இல் 1,387 மீட்டர் ஆழம் வரை சென்று முதன்முதலாகப் பனிவிரிப்பின் அடியைத் தொட்டார்கள். அதன்பிறகு இத்தனை ஆண்டுகளில் அடிவரை சென்ற ஆழமான துளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பல கோடைகள், முகாம், எரிபொருள், ஒரு முழுக் குழு என்று தேவைப்படுகிறது. துளையிடும்போது எழும் வெப்பமும் துளையில் நிரப்பும் திரவமும் சுற்றியுள்ள பனியைக் கலைத்துவிடுவதால், அது அடங்கும்வரை காத்திருந்துதான் அளக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. ஆழ்துளைகள் பெரும்பாலும் பனி அதிகம் நகராத முகடுகளில்தான் போடப்பட்டன. பழங்காலக் காற்றும் சாம்பலும் அடுக்குக் கலையாமல் கிடைப்பது அங்கேதான். கடல்மட்டத்தைப் பற்றிக் கவலைப்படுபவருக்கோ வேகமாக ஓடும் பனியாறுகள்தான் முக்கியம். அப்படிப்பட்ட இடத்தில் அளந்த அரிய உதாரணம், மேற்கு கிரீன்லாந்தின் ஸ்டோர் பனியாற்றில் 2019இல் 1,043 மீட்டர் துளைக்குள் ஒளியிழை கேபிளை இறக்கியது. கேபிளின் நீளம் முழுவதும் வெப்பநிலை கிடைத்தது. மாதிரிகள் கற்பனை செய்திருந்ததைவிட உள்ளமைப்பு சிக்கலானது என்று அது காட்டியது.

வெப்பக் கேமராவை விமானத்தில் பொருத்தினால் ஆகாதா?

ஆகாது. அகச்சிவப்புக் கதிர் பனியின் மேல்தோலிலிருந்து மட்டுமே வருகிறது, அதுவும் மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து. அது நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போல.

அப்படியானால் விமானம் எதைத்தான் அளக்கிறது?

ரேடியோ இரைச்சலை. அண்டார்டிகாவின் பனி உட்பட, முழுப்பூஜ்ய வெப்பநிலைக்கு மேல் இருக்கும் எந்தப் பொருளும் எல்லா அதிர்வெண்களிலும் கொஞ்சமாவது கதிர்வீசிக்கொண்டிருக்கும். நுண்ணலைப் பகுதியில் இந்தக் கதிர்வீச்சின் வலிமை பொருளின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஒரு வசதி. ஆன்டெனாவைக் கீழ்நோக்கித் திருப்பி, வரும் இரைச்சலின் வலிமையை அளந்து, அதைக் கெல்வினில் சொல்கிறார்கள். இதற்கு "ஒளிர்வு வெப்பநிலை" என்று பெயர். இதை அளக்கும் கருவி ரேடியோமீட்டர். அது எந்தச் சமிக்ஞையையும் அனுப்புவதில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒளிர்வு வெப்பநிலை பனியின் வெப்பநிலை அல்ல. பல்வேறு ஆழங்களிலிருந்து கிளம்பிய கதிர்கள் வழியில் உள்ள பனியால் கொஞ்சம் உறிஞ்சப்பட்டு, அடுக்குகளில் மோதித் திரும்பி, மீதி மேலே வந்து சேர்கின்றன. அவை எல்லாவற்றின் கூட்டுத்தொகைதான் அந்த ஒற்றை எண். "விமானம் பனியின் வெப்பநிலையை அளந்தது" என்று செய்தியில் படிக்கும்போது, அளந்தது இந்தக் கூட்டுத்தொகையை, வெப்பநிலை அதிலிருந்து ஊகித்தது என்று மனதுக்குள் திருத்திக்கொள்வது நல்லது.

ஆழத்தைப் பார்க்க முடிவதற்குக் காரணம் பனியின் ஒரு குணம். குளிர்ந்த, உலர்ந்த பனிக்கட்டி தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலைகளை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. 37 கிகாஹெர்ட்ஸில் ஓரிரு மீட்டர் தாண்டிப் பார்க்க முடியாது; பனித்துகள்களே அலையைச் சிதறடித்துவிடும். 1.4 கிகாஹெர்ட்ஸில் சில நூறு மீட்டர் ஆழத்திலிருந்து கதிர் வருகிறது. அரை கிகாஹெர்ட்ஸ், அதாவது 60 சென்டிமீட்டர் அலைநீளம் வரை இறங்கினால், மிகக் குளிர்ந்த பனியில் கிலோமீட்டர் கணக்கில் ஆழத்திலிருந்தே கதிர் மேலே எட்டுகிறது.

ஒரே அதிர்வெண் போதாதா? ஏன் அகலமான அதிர்வெண் பட்டை முழுவதும் கேட்கிறார்கள்?

ஒரு அதிர்வெண்ணுக்கு ஒரு எண்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு, மேலே குளிர்ந்து கீழே சூடான பனியா, முழுவதும் நடுத்தரமான பனியா என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு அதிர்வெண்ணும் வெவ்வேறு ஆழத்துக்கு அதிக முக்கியத்துவம் கொடுப்பதால், பலவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஆழத்தோடு வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று பிடிபடத் தொடங்குகிறது. 2 கிகாஹெர்ட்ஸில் தெரிவது மேற்பகுதி; அரை கிகாஹெர்ட்ஸில் கீழ்ப்பகுதியும் சேர்ந்து ஒலிக்கும்.

ஆனால் இயற்கை இங்கே ஒரு முட்டுக்கட்டையும் போட்டிருக்கிறது. பனி சூடானால் அதன் உறிஞ்சும் திறனும் கூடுகிறது, அதுவும் வேகமாக. அரை கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 50 டிகிரிப் பனியைவிட மைனஸ் 10 டிகிரிப் பனி 10 மடங்குக்கும் மேல் அதிகமாக உறிஞ்சும். அது மட்டுமில்லை, சூடான பனியில் உறிஞ்சுதல் அதிர்வெண்ணை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. எல்லா அதிர்வெண்களும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தைத்தான் பார்க்கும். பலவற்றில் கேட்டதன் லாபம் குறைந்துவிடும். அதனால்தான் அண்டார்டிகாவின் உயர்பீடபூமி இந்த முறைக்கு வாய்ப்பான களம், கிரீன்லாந்தின் தெற்கு விளிம்பு சோதனையான களம். அடியில் சூடான பனி எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறதோ, ஏறத்தாழ அதுதான் கண்ணுக்கெட்டும் எல்லை.

இப்படி ஒரு கருவி உண்மையில் பறந்திருக்கிறதா?

பறந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் நாசாவின் ஆதரவோடு உருவாக்கிய யூடபிள்யூபிராட் என்ற ரேடியோமீட்டர் அரை கிகாஹெர்ட்ஸிலிருந்து 2 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை 12 பகுதிகளாகப் பிரித்துக் கேட்கிறது. சுருள் வடிவ ஆன்டெனா நேர்கீழே பார்க்கும். 2016 செப்டம்பரிலும் 2017 செப்டம்பரிலும் வடமேற்கு கிரீன்லாந்தின் மேல் பறந்தது. கேம்ப் செஞ்சுரி, நீம், என்கிரிப் ஆகிய துளையிட்ட இடங்களின் வழியாகப் பாதை அமைந்ததற்குக் காரணம் உண்டு. அங்கெல்லாம் துளைக்குள் வெப்பநிலை ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார்கள்; விடை தெரிந்த கணக்கில் கருவியைச் சோதித்துப் பார்க்கலாம். இந்த மூன்றும் தடிமனிலும் அடிவெப்பநிலையிலும் வேறுபடுவது சோதனைக்கு இன்னும் நல்லது. கேம்ப் செஞ்சுரியின் அடி மைனஸ் 13 டிகிரி, பாறையோடு உறைந்தது; என்கிரிப்பின் அடி உருகுவது.

2018இல் அதே கருவி அண்டார்டிகாவுக்குப் போனது. இத்தாலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, டெரா நோவா விரிகுடாவை ஒட்டிய கடற்பனியின் மேலும், அங்கிருந்து உட்பகுதியில் உள்ள டோம் சி என்ற பனிமுகட்டை நோக்கியும் பறக்கவிட்டார்கள்.

கைப்பேசி, ரேடார், தொலைக்காட்சி எல்லாம் இயங்கும் அலைவரிசைகள் அல்லவா இவை? குறுக்கீடு வராதா?

நன்றாகவே வரும். ரேடியோமீட்டர்களுக்கென்று உலகளவில் பாதுகாக்கப்பட்ட பட்டை இந்தப் பகுதியில் 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரைதான், வெறும் 27 மெகாஹெர்ட்ஸ். மீதி எல்லாம் பிறர் சொத்து. விமானத்தின் சொந்தத் தொடர்புக் கருவிகளும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். பனியின் இரைச்சலோ மிக நலிந்தது. தொலைவில் ஒரு டிரான்ஸ்மிட்டர் முணுமுணுத்தாலே அதை அமுக்கிவிடும்.

இதற்கான தீர்வு இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பட்டையைத் தவிர்ப்பதற்குப் பதிலாக, வருவதை எல்லாம் நேரடியாக எண்ணிலக்கமாக்கி, ஒவ்வொரு பகுதியையும் நூற்றுக்கணக்கான நுண்கூறுகளாகப் பிரித்து, கெட்டுப்போனவற்றை மட்டும் மென்பொருளால் களைகிறார்கள். எது கெட்டது என்று எப்படித் தெரியும்? வெப்பத்தால் எழும் இரைச்சல் முழுவதும் தற்செயலானது. அதன் மதிப்புகள் மணிவடிவப் பரவலில் விழும். அந்தப் பரவலின் கூர்மையைக் காட்டும் எண்ணுக்கு கர்டோசிஸ் என்று பெயர். வெப்ப இரைச்சலுக்கு அது 3 ஆக இருக்கும். மனிதர் உண்டாக்கும் சமிக்ஞைக்கு ஒழுங்கு இருப்பதால் பெரும்பாலும் 3ஐ விட்டு விலகும். வலிமையைப் பார்த்து மட்டும் பிடிக்க முடியாத மெல்லிய குறுக்கீட்டையும் இப்படி அடையாளம் காணலாம்.

ஆளில்லாத பனிப்பாலைவனத்தில் தூரம் கூடக்கூட இந்தத் தொல்லை குறையும். விமானதளம், கடலோரக் குடியிருப்பு, ஆய்வு நிலையம் நெருங்கும்போது மறுபடி கூடும்.

கருவியின் இரைச்சலே அளவைக் கெடுக்காதா?

அகலமான பட்டையின் நல்ல பக்கம் இது. 88 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பகுதியை ஒரு நொடி கேட்டால், கருவியும் பனியும் சேர்ந்து 500 கெல்வின் இரைச்சல் என்று வைத்துக்கொண்டாலும், தற்செயல் பிழை 0.05 கெல்வினை ஒட்டித்தான் இருக்கும். உண்மையான தலைவலி தற்செயல் பிழை அல்ல, மெதுவாக நகரும் பிழை. ஆன்டெனாவும் கேபிளும் குளிர்ந்தும் சூடேறியும் பெருக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்காகக் கருவிக்குள்ளேயே தெரிந்த வெப்பநிலையில் ஒரு மின்சுமையையும் தெரிந்த அளவு இரைச்சல் தரும் டையோடையும் வைத்து, அடிக்கடி அவற்றோடு ஒப்பிடுகிறார்கள். திறந்த கடல் போல ஒளிர்வு தெரிந்த பரப்பின் மேல் பறந்தும் சரிபார்க்கலாம்.

வானமும் இந்த அதிர்வெண்களில் அமைதியாக இல்லை. பால்வெளி மண்டலத்தின் ரேடியோ ஒளி தாழ்ந்த அதிர்வெண்களில் பலமாக இருக்கும். அது பனியில் பட்டுத் திரும்பி ஆன்டெனாவுக்குள் வருவதைக் கழிக்க வேண்டும்.

ஒளிர்வு எண்களிலிருந்து டிகிரிக்கு எப்படிப் போகிறார்கள்?

பின்னோக்கிப் போகிறார்கள். ஒரு வெப்பநிலைக் கோட்டைக் கற்பனை செய்து, அது உண்மையானால் 12 பகுதிகளிலும் என்ன ஒளிர்வு வரும் என்று கணக்கிட்டு, அளந்ததோடு ஒப்பிட்டு, பொருந்தும்வரை திருத்துகிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஆழத்தில் ஒவ்வொரு மீட்டரின் வெப்பநிலையும் தெரியாத எண். கையில் இருப்பதோ ஒரு டஜன் அளவுகள். விருப்பம்போல் வளையும் கோடுகளை அனுமதித்தால் ஒரே அளவுக்கு எண்ணற்ற விடைகள் பொருந்தும்.

எனவே கோட்டின் வடிவத்துக்கு ஒரு கட்டுப்பாடு போடுகிறார்கள். பெரும்பாலும் பனியியலாளர் கோர்டன் ராபின் 1955இல் எழுதிய சமன்பாட்டின் தீர்வு கைகொடுக்கிறது. மேற்பரப்பு வெப்பநிலை, ஆண்டுப் பனிப்பொழிவு, தடிமன், அடியிலிருந்து வரும் புவிவெப்பம் ஆகிய நான்கு மட்டும் தெரிந்தால், நிலையாக இருக்கும் ஒரு பனி முகட்டின் உள்வெப்பநிலையை அது சொல்லிவிடும். தடிமன் ரேடாரில் கிடைக்கும். மேற்பரப்பு வெப்பநிலையும் பனிப்பொழிவும் ஓரளவு தெரியும். மிகக் குறைவாகத் தெரிவது புவிவெப்பம். பனிக்கு அடியில் அதை நேரடியாக அளந்த இடங்கள் சொற்பம். ரேடியோமீட்டரின் அளவுகள் முக்கியமாக அந்த இடைவெளியை நிரப்புகின்றன.

கையில் கிடைக்கும் அழகான வண்ணப் படத்தில் எவ்வளவு அளவீடு, எவ்வளவு மாதிரி என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். மேல்பாதியில் அளவீடு பேசுகிறது. ஆழம் போகப்போக ராபினின் கோடு பேசத் தொடங்குகிறது. முகடுகளில் அது நியாயமான துணை. பக்கவாட்டில் வேகமாக ஓடும் பனியில் அந்தக் கோட்டுக்கே அடிப்படை இல்லை.

மேற்பரப்புக்கு அருகிலுள்ள பனி அடுக்குகள் இடைஞ்சல் செய்யுமா?

இந்த முறையில் மிகப் பெரிய பிழை அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. முதல் 100 மீட்டர் வரை பனி முழுதாக இறுகியிருக்காது. கோடை அடுக்கு, குளிர்கால அடுக்கு, காற்று அறைந்து கெட்டியாக்கிய அடுக்கு என்று அடர்த்தி சென்டிமீட்டர் கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றமும் கீழிருந்து வரும் கதிரில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அலைநீளம் 15 முதல் 60 சென்டிமீட்டர். அடுக்குகளும் அதே அளவில் இருப்பதால் சில அதிர்வெண்களில் விளைவு கூடும், சிலவற்றில் குறையும். அதிர்வெண்களுக்கு இடையிலான வேறுபாட்டை வைத்துத்தான் ஆழத்தையே பிரிக்கிறோம். அதே வேறுபாட்டை அடுக்குகளும் உண்டாக்கினால், குளிர்ந்த ஆழம் எது, அடுக்கடுக்கான மேல்பனி எது என்று குழம்பும்.

ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. எனவே அடர்த்தி எந்த அளவுக்கு, எத்தனை தொலைவில் ஏறி இறங்குகிறது என்பதைப் புள்ளியியல் ரீதியாக வைத்து, வெப்பநிலையோடு சேர்த்து அதையும் தெரியாத எண்ணாகவே கணக்கில் சேர்க்கிறார்கள். துளைகளிலிருந்து எடுத்த பனித்துண்டுகளின் அடர்த்தி அளவுகள் இதற்கு உதவும்.

ரேடாராலும் இதைச் செய்ய முடியும் என்கிறார்களே?

முடியும். பனி சூடாக இருந்தால் அதன் மின்கடத்துத்திறன் கூடும். ரேடார் எதிரொலி போகும் வழியில் அதிகமாகத் தேயும். அந்தத் தேய்மானத்திலிருந்து சராசரி வெப்பநிலையை எடுக்கலாம். நாசாவின் ஆபரேஷன் ஐஸ்பிரிட்ஜ் திட்டத்தில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரேடார் கிரீன்லாந்தின் மேல் ஆண்டுக்கணக்கில் பறந்து சேர்த்த பதிவுகளிலிருந்து, பனிக்குள் இருக்கும் அடுக்குகளின் எதிரொலி எப்படி மங்குகிறது என்று பார்த்து 2015இல் கிரீன்லாந்தின் பெரும்பகுதிக்கு இப்படி ஒரு கணிப்பு வெளியானது.

ரேடாரின் பலவீனம் வேதியியல். பழைய எரிமலை வெடிப்புகளின் அமிலமும் கடலிலிருந்து வந்த உப்பும் பனியின் கடத்துத்திறனைக் கூட்டும்; சூடான தூய பனியும் குளிர்ந்த அழுக்குப் பனியும் ரேடாருக்கு ஒன்றுபோலத் தெரியக்கூடும். அதன் பலம், ஆழம் எதிரொலி வந்த நேரத்திலேயே தெரிந்துவிடும் என்பது; ரேடியோமீட்டருக்கு அது கிடையாது. ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. தடிமனுக்கே ரேடியோமீட்டர் ரேடாரை நம்பியிருக்கிறது.

பனிக்கு அடியில் நீர் இருந்தால் தெரியுமா?

பனிவிரிப்பின் அடிப்பாகம் உருகுநிலையில் இருக்கிறது என்று வெப்பநிலைக் கோடே சொன்னால், நீர் இருக்கிறது என்று கொள்ளலாம். நேரடியாக நீரைப் பார்க்க ரேடார்தான் சிறந்தது; தட்டையான ஏரிப்பரப்பு பளிச்சென்று எதிரொலிக்கும். கிரீன்லாந்தின் அடி எங்கே உறைந்தது, எங்கே உருகியது என்று பல சான்றுகளைச் சேர்த்து வரைந்த வரைபடத்தில் கால்பங்குக்கும் மேற்பட்ட பகுதி இன்னும் "முடிவு செய்ய இயலவில்லை" என்ற நிறத்தில்தான் இருக்கிறது.

எங்கே இந்த முறை தோற்றுப்போகும்?

மேற்பரப்பு ஈரமாக இருக்கும் இடத்தில் உடனடியாக. உருகிய நீரின் மெல்லிய படலம்கூட கீழிருந்து வரும் கதிரை விழுங்கிவிடும். 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் மேற்பரப்பு கிட்டத்தட்ட முழுவதுமே உருகியது. அந்த வாரத்தில் பறந்திருந்தால் ஆழத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. கோடை உருகல் ஓய்ந்து மேல்பனி மறுபடி உறைந்திருக்கும் காலம் வேண்டும். தென்கிழக்கு கிரீன்லாந்தில் குளிர்காலத்திலும் உறையாமல் பனிக்குள் தேங்கி நிற்கும் நீர்த்தேக்கத்தை 2011இல் கண்டுபிடித்தார்கள். அங்கே எந்த மாதத்திலும் பயனில்லை.

வெடிப்புகள் நிறைந்த பகுதி, மலைகளுக்கு இடையே குறுகி ஓடும் பனியாறு, தடிமன் தெரியாத விளிம்பு இவற்றிலும் கணக்கு நிற்காது.

பனி ஆண்டுக்கு ஆண்டு சூடாகிறதா என்று மீண்டும் மீண்டும் பறந்து பார்க்கலாமா?

ஆழத்தைப் பொறுத்தவரை வேண்டாம். வெப்பம் கடத்தல் வழியாக மட்டும் பரவினால், 10 மீட்டர் ஆழத்தை எட்ட சில ஆண்டுகள் ஆகும். 3 கிலோமீட்டர் எட்ட இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். விமானம் பார்க்கும் ஆழ வெப்பநிலை, நம் தொழிற்சாலைகளுக்கு வெகுகாலம் முந்தைய கதை. விதிவிலக்கு மேல்பகுதி: உருகிய நீர் கீழே கசிந்து மறுபடி உறையும்போது வெளிவிடும் வெப்பம் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தை ஒரே கோடையில் பல டிகிரி சூடாக்கிவிடும். அந்த மாற்றத்தைப் பார்க்கப் பட்டையின் உயர்ந்த அதிர்வெண்கள் பயன்படும்.

செயற்கைக்கோளில் ஏற்றிவிட்டால் விமானமே வேண்டாமே?

ஓரளவு ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2009 நவம்பரில் மண்ணின் ஈரத்தையும் கடலின் உப்பையும் அளக்க அனுப்பிய ஸ்மோஸ், 1.4 கிகாஹெர்ட்ஸில் கேட்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் அதன் பதிவுகளை எடுத்து அண்டார்டிகாவின் உள்வெப்பநிலையைக் கணித்துக் காட்டினார்கள். வேறு வேலைக்கு அனுப்பிய கருவி இந்த வேலையும் செய்தது நல்வாய்ப்பு. ஆனால் ஒரே அதிர்வெண் என்பதால் மேலே சொன்ன குறை அப்படியே இருக்கிறது: மாதிரியின் பங்கு அதிகம், அளவீட்டின் பங்கு குறைவு. 0.4 முதல் 2 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் கிரையோராட் என்ற திட்டத்தை அதே நிறுவனம் 2024இல் வருங்காலப் பயணங்களுக்கான வேட்பாளர்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அது பறந்தாலும் விமானத்துக்கு வேலை இருக்கும். 60 சென்டிமீட்டர் அலையை 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 12 மீட்டர் அகல ஆன்டெனாவால் பார்த்தாலும், தரையில் ஒரு புள்ளி என்பது 35 கிலோமீட்டர் அகலம். விமானத்திலிருந்து பார்க்கும் புள்ளியின் அகலம் ஏறத்தாழ அது பறக்கும் உயரம்தான், பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள். கடலை நோக்கி ஓடும் பனியாறுகள் பலவற்றின் அகலம் சில கிலோமீட்டர்தான். அவற்றை 35 கிலோமீட்டர் புள்ளியில் தேட முடியாது.